நினைவகத் தொகுப்பும் அதன் வேகச் சோதனையும்

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் மெட்ரோ ரயில் நிலையம் 1986 ஏப்ரல் 29-ஆம் நாள் திறக்கப்பெற்றது. மகாநாயக் உத்தம் குமார் நிலையம் எனப் பின்னர் பெயர் மாற்றப்பட்டது. கொல்கத்தா மெட்ரோவில் 2011-ஆம் ஆண்டு, காந்தப் பயணச்சீட்டுகளுக்கு மாற்றாக டோக்கன்கள் புகுத்தப்பட்டன. பயணி ஏறுமிடத்தில் டோக்கனைப் பெற்று, இறங்குமிடத்தில் வாயிற்பொறியில் இட்டுச் செல்வார். அது மீண்டும் வேறொருவருக்கு வழங்கப்பெறும்.

தகவல் பொதிகளைக் கையாளும் கணிப்பொறி மென்பொருளில் நினைவகத் தொகுப்பு இயங்கும் முறையும் இத்தகையதே. வந்துசேரும் ஒவ்வொரு பொதிக்கும் சிறிது நினைவக இடம் வேண்டும். அதனை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒதுக்குவது காலத்தை விழுங்கும். ஆதலின் ஒரே அளவுள்ள துண்டுகள் முன்னரே ஆயத்தமாக வைக்கப்பெற்று, வேலை முடிந்ததும் திருப்பிச் சேர்க்கப்பெறுகின்றன. இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் உருவாக்கி, 2017 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் நடைபெறும் டி.பி.டி.கே. என்னும் மென்பொருள் இம்முறையைக் கையாளுகின்றது. பொதுத் தொகுப்பில் செயலியின் கருக்கள் யாவும் ஒருங்கே போட்டியிடாதிருக்க, ஒவ்வொரு கருவுக்கும் தனிக் கையிருப்பும் அளிக்கலாம்.

இதில் வேகம் எவ்வளவு இன்றியமையாதது? நொடிக்கு 1,000 கோடி பிட் செல்லும் ஈதர்நெட் இணைப்பில், 64 பைட் அளவுள்ள பொதிகள் 67.2 நானோசெகண்டுக்கு ஒன்றாக வரக்கூடும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அஃது ஏறத்தாழ 200 கடிகாரத் துடிப்புகளே ஆகும். துண்டை எடுத்து வைப்பதில் 20 துடிப்புகள் வீணாயினும், பத்தில் ஒரு பங்கு காலம் போய்விடும்.

எனவே சோதனை தேவைப்படுகின்றது. ஒவ்வொரு கருவும் துண்டுகளை 1, 4, 32 என்னும் கணக்கில் எடுத்து, 32 அல்லது 128 துண்டுகள் சேர்ந்தபின் திருப்பி வைக்கும். குறித்த காலத்தில் நிகழ்ந்த செயல்கள் எண்ணப்படும். நெடுங்காலம் வழங்கிய முறை இதுவே.

இதில் மறைந்துள்ள குறை யாதெனில், எடுப்பதும் வைப்பதும் ஒரே கரு. கையிருப்பு 512 துண்டுகளைக் கொள்ளுமாயின், 128 துண்டுகள் அதனுள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். பொதுத் தொகுப்பை நாடவேண்டிய தேவையே அரிதாகும். டாலிகஞ்சில் டோக்கன் பெற்ற பயணி டாலிகஞ்சிலேயே அதைத் திருப்பித் தந்தால், அங்கு ஒருபோதும் தட்டுப்பாடு தோன்றாது. ஆனால் மெய்யான பயணி வேறு நிலையத்தில் இறங்குகிறார். அவ்வாறே, பல மென்பொருள்களில் பொதியை ஏற்கும் கரு ஒன்று. அனுப்பும் கரு மற்றொன்று. முன்னதன் கையிருப்பு வற்றிக்கொண்டும், பின்னதன் கையிருப்பு நிரம்பி வழிந்துகொண்டும் இருக்கும். பொதுத் தொகுப்பின் நெரிசல் அப்போதுதான் வெளிப்படும்.

ஆதலின் சோதனையைத் திருத்துவோர் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, ஒரு கரு எடுக்க மற்றொரு கரு வைக்கும் நிலையையும், கையிருப்பை மிஞ்சும் எண்ணிக்கையையும் சேர்த்து அளத்தல். இரண்டாவது, ஒருமுறைக்கு எடுக்கும் எண்ணிக்கையை 64, 128, 256 என உயர்த்தியும் பார்த்தல்; அவ்வெண் நிரலைத் தொகுக்கும்போதே தெரிந்திருப்பின் தொகுப்பி விரைவான கட்டளைகளை அமைத்துவிடக்கூடுமாதலால், தெரிந்த நிலையையும் தெரியாத நிலையையும் தனித்தனியே அளத்தல். மூன்றாவது, மொத்த எண்ணிக்கையோடு, ஒரு துண்டுக்கு ஆகும் துடிப்புகளையும் குறித்தல்.

இவ்வாறு அளந்தால் முன்னையினும் குறைந்த வேகம் வெளிப்படலாம். அது மென்பொருளின் தாழ்வன்று. பயன்படுத்துவோர் நாள்தோறும் காணும் வேகமே முதன்முறையாக ஏட்டில் பதிவாகின்றது என்பதே அதன் பொருளாகும்.