மூணு இட்லிக்கு எத்தனை யூனிட்? சமையலறையில் ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்

டெட் டைம், ஓவர்ஷூட், ஃபீட்ஃபார்வர்டு... இதையெல்லாம் நாம படிச்சு, பரீட்சையில் எழுதி, மறந்தும் போயிருப்போம். ஆனா இதே பாடத்தை தினமும் மூணு வேளை வீட்டில் செய்து பார்க்கிறவங்க இருக்காங்க. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் அம்மா அப்பாக்கள்தான் அவங்க. அவங்க போடுற கணக்கை நம்ம பாஷையில் பார்ப்போம்.

முதல்ல ஒரு விஷயம். ஸ்வீட் நிறைய சாப்பிட்டதால் டைப் 1 வருவதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அதனால் இன்சுலினை வெளியிலிருந்து போட்டே ஆகணும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுவரைக்கும் இந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை.

டேங்க் ரொம்பச் சின்னது

25 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் 2 லிட்டர் ரத்தம் இருக்கும். சர்க்கரை அளவு 100 (ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம்) என்றால், லிட்டருக்கு 1 கிராம். அதாவது மொத்த ரத்தத்திலும் இருப்பது 2 கிராம் குளுக்கோஸ், அரை டீஸ்பூன். மூணு இட்லி, சாம்பாரில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உள்ளே வருது. 2 கிராம் டேங்கில் 40 கிராம் டிஸ்டர்பன்ஸ்! இன்சுலின் அதை உடனுக்குடன் செல்களுக்குள் அனுப்பாவிட்டால் அளவு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்க.

பிரச்சினை டெட் டைம்

நம்ம கணையம் இன்சுலினை நேராக ரத்தத்தில் விடுது. ஊசியில் போடுவது தோலுக்கு அடியில் போகுது. வேகமாக வேலை செய்யும் வகை இன்சுலின்கூட ஆரம்பிக்க 10–20 நிமிஷம், உச்சத்துக்குப் போக 1–2 மணி நேரம் எடுத்துக்கும். இட்லி அதுவரை காத்திருக்காது. சர்க்கரை ஏறியதைப் பார்த்த பிறகு ஊசி போட்டால் எப்பவும் லேட்தான். அதனால்தான் பொதுவாகச் சாப்பாட்டுக்கு சுமார் 15 நிமிஷம் முன்னாடி போடச் சொல்றாங்க. வரப்போகும் டிஸ்டர்பன்ஸை முன்கூட்டியே கணித்து ஆக்ஷன் எடுக்கிறோம். சுத்தமான ஃபீட்ஃபார்வர்டு.

கணக்கு

ஒரு நாளைக்கு மொத்தம் 20 யூனிட் இன்சுலின் போடும் குழந்தை என்று வைப்போம். டாக்டர்கள் தொடக்கத்தில் பயன்படுத்தும் இரண்டு ரூல்கள்:

1. 500 ÷ 20 = 25. ஒரு யூனிட் 25 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும்.
2. 1800 ÷ 20 = 90. ஒரு யூனிட் சர்க்கரையை 90 புள்ளி இறக்கும்.

காலையில் ரீடிங் 165, இலக்கு 120. இறக்க வேண்டியது 45, அதற்கு 0.5 யூனிட். சாப்பாட்டுக்கு 40 ÷ 25 = 1.6. மொத்தம் 2.1. பேனாவில் அரை யூனிட் கணக்கில்தான் போட முடியும் என்பதால் 2 யூனிட்.

இப்போ ஊசி போட்டாச்சு. குழந்தை ஒரு இட்லி சாப்பிட்டுட்டு "போதும்மா" என்று எழுந்துடுது. வெளியே வேன் ஹாரன் அடிக்குது. என்ன ஆகும்?

உள்ளே போனது சுமார் 14 கிராம், அதற்கு 0.56 யூனிட் போதும். பழைய ரீடிங்கைச் சரிசெய்ய 0.5 போக, 0.94 யூனிட் மிச்சம். 0.94 × 90 = 85. 120-இல் 85 போனால் 35. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். 35 என்றால் குழப்பம், வலிப்பு, மயக்கம் வரைக்கும் போகலாம். அதுவும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்!

போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரே பக்கம் மட்டும் இழுக்கும் ஆக்சுவேட்டர் அது. அதனால் அம்மா மீதிக் கணக்கை உணவிலேயே முடிக்கணும்: ஒரு டம்ளர் பால் (10 கிராம்), சின்ன வாழைப்பழம் (15 கிராம்). எவ்வளவு சாப்பிடும் என்றே சொல்ல முடியாத சின்னக் குழந்தைகளுக்கு, டோஸைப் பிரித்து முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் என்று போட டாக்டர்கள் சொல்வதும் உண்டு.

இன்னும் இரண்டு சிக்கல்

ஒன்று, எண்ணெயும் கொழுப்பும். பரோட்டா, பிரியாணி மெதுவாகச் செரிக்கும். இன்சுலின் வேலை முடிந்த பிறகும் சர்க்கரை ஏறிட்டே இருக்கும்.

இன்னொன்று, பதற்றத்தில் அடுத்தடுத்துப் போடும் ஊசி. ஒரு மணி நேரத்தில் 250 காட்டுதே என்று இன்னொரு டோஸ் போட்டால், முதல் டோஸ் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரேயடியாகக் கீழே இழுத்துடும். இன்டக்ரல் வைண்டப் ஞாபகம் வருதா?

லூப்பை மூட முடியாதா?

முயற்சி நடந்துகொண்டே இருக்கு. சென்சார் ரீடிங்கை வைத்துத் தானே இன்சுலின் அளவை மாற்றும் மினிமெட் 670ஜி பம்புக்கு 2016-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. உள்ளே ஓடுவது நம்ம பி.ஐ.டி. கன்ட்ரோலர்தான்! ஆனாலும் சாப்பிடப் போறேன் என்று அதற்கு நாமதான் சொல்லணும். டெட் டைமை எந்த அல்காரிதமும் முழுசா ஜெயிக்கலை.

நமக்கு என்ன வேலை?

மேலே உள்ள எண்கள் புரிந்துகொள்ள மட்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் டோஸை முடிவு செய்வது டாக்டர்தான். ஆனா லோ சுகருக்கான முதலுதவி நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை: பெரியவங்களுக்கு 15 கிராம், 25 கிலோ குழந்தைக்கு சுமார் 8 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் லேட் ஆகும். மயங்கிட்டா வாயில் எதுவும் ஊற்றாம ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடணும்.

சொந்தக்காரங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தா, "ஸ்வீட் சாப்பிட்டியா?" என்று கேட்காதீங்க. "சாப்பிட்டு முடிச்சிட்டியா?" என்று கேளுங்க. அந்தக் கணக்கில் முக்கியமான கேள்வி அதுதான்.