வீட்டு விளக்குகளின் புற ஊதாக் கதிரிலிருந்து டி.என்.ஏ.வைக் காக்கும் முறை

டி.என்.ஏ. மூலக்கூறு 260 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சும் இயல்புடையது. அவ்வாறு உறிஞ்சும்போது அடுத்தடுத்து அமைந்த இரண்டு தைமின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து 'தைமின் இருபடி' எனப்படும் பழுது உண்டாகிறது. இப்பழுதுகளுள் பெரும்பாலானவற்றைச் செல்லின் நொதிகளே வெட்டி நீக்கிவிடுகின்றன என்றாலும், எஞ்சியவை மரபுச் செய்தி படியெடுக்கப்படும்போது பிழைகளைப் புகுத்தித் தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் வீட்டு விளக்குகளின் பங்கு மிகச் சிறிதே. ஆகையால் அச்சத்தைவிட, எந்த விளக்கு எவ்வகையைச் சேர்ந்தது என்னும் தெளிவே இங்குப் பயன்தரும்.

முதற்படி, விளக்கை இனங்காணுதல். வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீல ஒளியைப் பாஸ்பர் பூச்சின் வழியே வெள்ளொளியாக்குவதால், அதிலிருந்து புற ஊதாக் கதிர் ஏறத்தாழ வெளிப்படுவதே இல்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சி.எஃப்.எல். விளக்கிலோ பாதரச ஆவி 254 நானோமீட்டர் கதிரை உமிழ, குழாயின் உட்புறப் பூச்சு அதைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றுகிறது. சுருண்ட குழாயில் அப்பூச்சு விரிசல் கண்டிருந்தால் சிறிதளவு கதிர் கசியும்.

இரண்டாவதாக, சுருள் வெளியே தெரியும் சி.எஃப்.எல். மேசை விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும். அத்தகைய விளக்கின் அருகே 30 சென்டிமீட்டருக்கும் குறைந்த தொலைவில் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் இருத்தல் கூடாது என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008இல் அறிவுறுத்தியது. லூபஸ் போன்ற, ஒளி பட்டால் தீவிரமாகும் நோயுடையோர் எல்.இ.டி.க்கு மாறிவிடுவதே நலம்.

மூன்றாவதாக, ஹாலோஜன் விளக்கின் கண்ணாடி மூடியைக் கழற்றலாகாது. வெப்பம் தாங்குவதற்காக அதன் குமிழ் குவார்ட்ஸால் செய்யப்பட்டிருக்கிறது, குவார்ட்ஸோ புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை, ஊடுருவ விட்டுவிடுகிறது.

நான்காவதாக, அழகு நிலையங்களில் ஜெல் நகப்பூச்சை உலர்த்தும் விளக்கு, ஆக்சிஜன் சார்ந்த வினைமிகு மூலக்கூறுகளை உருவாக்கி டி.என்.ஏ.வை மறைமுகமாகத் தாக்கும் புற ஊதா ஏ கதிரை உமிழ்வதால், நகங்கள் மட்டும் வெளியே தெரியும்படி விரல் நுனி வெட்டப்பட்ட கையுறை அணிந்துகொள்வது தக்கது.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது கிருமிநாசினி விளக்கே. குடிநீர்ச் சுத்திகரிப்பானுள் எரியும் புற ஊதா விளக்கும் இவ்வகையினதே. பாஸ்பர் பூச்சு இல்லாமையால், நுண்ணுயிரியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் அதே 254 நானோமீட்டர் கதிர் தடையின்றி வெளிவருகிறது. மங்கலாகத் தெரியும் நீல ஒளியைக் கண்டு கதிரின் வலிமையைக் கணிக்க இயலாது. எனவே மின்இணைப்பைத் துண்டித்த பின்னரே உறையைத் திறக்க வேண்டும். எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதும், கையில் பிடிக்கும் புற ஊதாக் கோலைத் தோலின்மீது காட்டுவதும் அறவே கூடாது. பாதிப்பு உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தே தோல் சிவந்து, கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தத் தொடங்கும். அப்போது கண் மருத்துவரிடம், எவ்வகை விளக்கு, எவ்வளவு நேரம் பட்டது என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.