பரணில் கிடைத்த வாகீஸ்வரி

கேள்வி: தாத்தாவின் ஸ்டூடியோவில் இருந்த, ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமரா பரணில் கிடைத்தது. பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாமா?

பதில்: உப்புத்தாளைத் தொடாதீர்கள். உலர்ந்த துணியால் தூசு துடைத்தால் போதும். பித்தளை பளபளத்தே தீர வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

கவனிக்க வேண்டியது துருத்தி. இருட்டறையில் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். ஓட்டை இருந்தால் மடிப்பு மூலைகளில்தான் ஊசிமுனையாக வெளிச்சம் கசியும். அங்கே உட்புறமாக மெல்லிய கறுப்புத் துணி ஒட்டுங்கள். தடித்த துணி என்றால் துருத்தி மடங்காது. ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடியை மாற்றினால், சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும்.

ஃபிலிமுக்கு எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போடலாம், மலிவு. அதற்குச் சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கிலேயே கழுவலாம். அதே காரணத்தால் படத்தில் சிவப்புப் புடவை மட்டும் கறுத்து விழும். உட்காருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.