குழாய் போகும் வழியே போங்கள்

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் அதிலேயே ஊர் சுற்றுவார்கள். உங்களுக்கு ஒரு வாரம் போதும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிளம்பி, கிழக்கே கோதுமை வயல்களுக்குள் புகுந்து, தெற்கே வளைந்து திரும்பினால் சுமார் 750 கி.மீ. ஆகும். பெர்த்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்கே ஓடுகிறார்கள். நான் சொல்வது கடலுக்கு முதுகைக் காட்டிப் போகும் வழி.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் போங்கள். அங்கே அது வசந்தம். சாலையோரம் காட்டுப்பூக்கள் மலர்ந்திருக்கும். கொஞ்சம் முன்கூட்டியே போனால் கனோலா வயல்களின் மஞ்சளும் கிடைக்கும். இரவில் குளிரும், கம்பளி வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்நாட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது கேரவன் வெறும் தகரப் பெட்டி. போதாக்குறைக்கு ஈக்கள்.

அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள் என்பதால் பாதிப் பயம் போய்விடும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, விளக்குக்கான பிளக், முன்னால் இருக்கும் சின்னத் தாங்கு சக்கரம், எல்லாவற்றையும் வாடகைக்கு விடுபவர்கள் எதிரிலேயே இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வையுங்கள். பின்பக்கம் பாரம் ஏறினால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது, அது சட்டப்படி குற்றம். பாட்டி உள்ளே படுத்துக்கொண்டு வரட்டும் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் நகரத்துக்கு. கேரவனோடு நகர மையத்துக்குள் நுழைந்தால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஊரின் வடகிழக்கே திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஸ்வான் பள்ளத்தாக்குப் பக்கம் கேரவன் பூங்கா ஒன்றில் வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காரில் மட்டும் போய் வாருங்கள். நகர மையத்தில் ‘கேட்’ பேருந்துகளுக்குக் கட்டணமே இல்லை. ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் இருந்தால் கிங்ஸ் பூங்காவைப் பாருங்கள். 400 ஹெக்டேர் பரப்பு. மேட்டிலிருந்து பார்த்தால் ஆறும் நகரமும் காலடியில். ஆற்றுக்கு ஸ்வான் என்று பெயர் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் அதை டெர்பால் யெரிகன் என்று அழைக்கிறார்கள். பூங்காவில் பருத்த அடிமரத்தோடு ஒரு போவாப் மரம் நிற்கிறது. வடக்கே வார்முன் பகுதியில் சாலை வேலைக்காக அகற்ற வேண்டி வந்ததால், 2008இல் அதை வேரோடு பெயர்த்து 3,200 கி.மீ. லாரியில் கொண்டுவந்து நட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை கேரவனை விட்டுவிட்டு முண்டாரிங் அணைக்குப் போங்கள். மலைச்சாலை என்பதால் கார் மட்டும் போனால் நல்லது. இந்தப் பயணத்தின் தலைவாசல் இந்த அணைதான். 1892இல் கூல்கார்டியிலும் 1893இல் கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்தது. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பொறியாளர் சி. ஒய். ஓ’கானர் இங்கே அணை கட்டி, 8 நீராவி நீரேற்று நிலையங்கள் வைத்து, சுமார் 530 கி.மீ. எஃகுக்குழாயில் பாலைவனத்துக்குத் தண்ணீர் அனுப்பத் திட்டம் போட்டார். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அவரைக் கிழித்தார்கள். 1902 மார்ச்சில் கடற்கரையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். குழாயைத் திறந்தும் தண்ணீர் வராததால் உயிரை விட்டார் என்று இன்றும் கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர் இறந்தபோது வேலை முடியவே இல்லை. 1903 ஜனவரியில் கால்கூர்லிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பின் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பினால், கிரேட் ஈஸ்டர்ன் நெடுஞ்சாலையில் அந்தக் குழாயே உங்களுக்கு வழித்துணை. வயல் ஓரமாகச் சில இடங்களில் தரைக்கு மேலே கூடவே வரும். எதிரே வருபவை ரோடு டிரெயின்கள்: 36 மீட்டர் வரை நீளும் தொடர் லாரிகள். அவை உங்களைத் தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். வேகத்தைக் கூட்டிப் போட்டி போடாதீர்கள். வண்டியில் யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40ஆம் அலைவரிசையில் லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்கலாம். பொழுது சாய்வதற்குள் இடம் பிடித்துவிடுங்கள். கங்காருகள் சாலைக்கு வரும் நேரம் அது.

நார்தாமில் ஆற்றின் மேல் தொங்குபாலம் இருக்கிறது. கறுப்பு அன்னத்தையே சின்னமாகக் கொண்ட மாநிலத்தில் இந்த ஊர் மட்டும் வெள்ளை அன்னங்களை வளர்த்துப் பெருமைப்படுகிறது. பார்த்துவிட்டு மெக்கரிங்குக்கு நகருங்கள். 1968 அக்டோபர் 14 அன்று நிலநடுக்கம் இந்தச் சிற்றூரைத் தரைமட்டமாக்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. தண்டவாளம் பாம்பாய் நெளிந்தது, தண்ணீர்க்குழாய் நசுங்கியது. கண்டர்டினில் பழைய 3ஆம் நீரேற்று நிலையம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மெரடினில் இரவு தங்குங்கள்.

கேரவன் பூங்காவில் மின்சாரத்தோடு கூடிய இடமாகக் கேளுங்கள். முதல் தடவை நான் அரிசிக்குக்கர், கெட்டில், ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டேன். எல்லாம் டிரிப் ஆகி, இருட்டில் அரைவேக்காட்டுச் சோற்றோடு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொன்றாகப் போடுங்கள். அரிசி, பருப்பு, மசாலாவைப் பெர்த்திலேயே வாங்கிவிடுங்கள். சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. வேறு மாநிலத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் பழம், காய்கறி, தேன் கொண்டுவரக் கூடாது. குடிநீர் பிடிக்கும் ஹோஸையும் கழிவுநீர் ஹோஸையும் தொட்டுக்கொள்ள விடாதீர்கள். தொட்டித் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்களே குளியலைச் சுருக்கிக்கொள்வீர்கள்.

மெரடினிலிருந்து நரெம்பீன் வழியாக ஹைடன் போகிற வழியில் வெள்ளை பூத்த நிலமும் பட்டுப்போன மரங்களும் தென்படும். ஆழ வேர்விட்ட பழைய மரங்களை வெட்டிக் கோதுமை போட்டதும் நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்பையும் கூட்டிவந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரே வயலைக் கெடுக்கிறது. ஹைடனில் இருப்பது அலைப்பாறை. 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம், உடையப்போகும் அலை அப்படியே கல்லானதுபோல நிற்கும் கருங்கல். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்ணுக்கடியில் ஈரம் அரித்த பாறை, மண் விலகியபின் வெளியே தெரிகிறது. எல்லாரும் கீழே நின்று சறுக்குவதுபோலப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் மேலே ஏறுங்கள். பாறை விளிம்பில் ஒரு சின்னச் சுவர் ஓடுகிறது. அங்கே விழும் மழையைச் சிந்தாமல் நீர்த்தேக்கத்துக்குத் திருப்புவதற்காகக் கட்டியது. சற்று வடக்கே மல்கா குகையில் பழங்குடியினரின் கைத்தடங்கள் இருக்கின்றன. தொடாமல் பாருங்கள்.

திரும்பும் வழியில் காரிகனில் நாய்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. யார்க்கில் அரை நாள் நில்லுங்கள். 1831இல் ஐரோப்பியர் குடியேறிய, இம்மாநிலத்தின் மிகப் பழைய உள்நாட்டு ஊர். பெர்த்தில் இறங்கும்போது கிரீன்மவுண்ட் சரிவில் கீழ் கியரில் வாருங்கள், இல்லாவிட்டால் பிரேக் சூடேறிவிடும். வண்டியை ஒப்படைக்கும் முன் கழிப்பறைப் பெட்டியை டம்ப் பாயின்டில் காலி செய்து கழுவிவிடுங்கள். மறந்தால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.