காயலான் கடை போர்டா? கையில் மீட்டரோடு வாங்க!

சத்தியவேடு பக்கம் எந்த வீட்டுப் பரணில் கை விட்டாலும் உயிர் போன செட்டாப் பாக்ஸ் ஒன்று, ஸ்டெபிலைசர் ஒன்று, மூடி கழன்ற ரேடியோ ஒன்று கண்டிப்பாகத் தட்டுப்படும். ஊத்துக்கோட்டைச் சொந்தக்காரர்கள் தயவில், தமிழ்நாட்டில் 2006-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச கலர் டிவி கூட சில வீடுகளில் எல்லை தாண்டி வந்து ஒண்டியிருக்கும். எல்லாவற்றையும் எடைக்குப் போடுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் போர்டை ஒரு தரம் பார்த்துவிடலாமே! மீட்டரும் சால்டரிங் அயனும் பிடிக்கத் தெரிந்த, புதிதாக இறங்கும் நண்பர்களுக்கான குறிப்புகள் இவை.

1. கடையில் போர்டைக் கையில் எடுத்ததும் முதலில் மோந்து பாருங்கள். கருவாட்டு வாடை அடித்தால் கண்டென்சர் கசிந்திருக்கிறது, தீய்ந்த வாடை என்றால் வேறு ஏதோ கருகியிருக்கிறது. கண்டென்சர் கசிந்தது மலிவாக முடிகிற வேலை. கருகி ஓட்டை விழுந்த போர்டைப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

2. கண்டென்சரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் போச்சு. மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி என்று போட்டதாகப் பார்த்துக் கேளுங்கள். உடம்பில் பட்டைக் கோடு போட்ட பக்கம்தான் மைனஸ்.

3. போர்டு மேல் 94வி-0 என்று அச்சிட்டிருப்பதை மாடல் நம்பர் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடாதீர்கள். அது தீப்பிடித்தால் சீக்கிரம் அணையும் ரகம் என்பதற்கான குறி, உலகத்தில் பாதி போர்டில் இருக்கும்! உண்மையான நம்பர் பெரும்பாலும் ஓரத்திலோ பார்கோடு ஸ்டிக்கரிலோ நீளமாக இருக்கும்.

4. ஐ.சி. மேல் தனியாக நாலு இலக்கம் இருந்தால் அது பல நேரம் பிறந்த தேதி. 1423 என்றால் 2014-ம் வருஷம் 23-வது வாரம். "புது மாடல்தாங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது பேரம் பேச உதவும்.

5. பாகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆர் ரெசிஸ்டர், சி கண்டென்சர், டி டயோட், க்யூ டிரான்சிஸ்டர், எஃப் ஃபியூஸ், யூ அல்லது ஐ.சி. என்றால் ஐ.சி.

6. பவர் போர்டின் அடிப்பக்கத்தில் ஒரு தடித்த கோடோ, ஈயமே இல்லாத அகலச் சந்தோ ஓடும். ஒரு பக்கம் 230 வோல்ட் கரண்ட் வரும் சூடான பக்கம், மறுபக்கம் குறைந்த வோல்ட் பக்கம். டிரான்ஸ்ஃபார்மர், நாலு கால் வைத்த பிசி817 போன்ற குட்டி ஐ.சி. என்று ஒரு சில பாகங்கள் மட்டும்தான் அந்த எல்லையைத் தாண்டி உட்கார்ந்திருக்கும். இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்காமல் எந்தப் போர்டுக்கும் கரண்ட் கொடுக்காதீர்கள்.

7. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பி கை வைக்கக் கூடாது. சூடான பக்கத்துப் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் டப்பென்று ஷார்ட் செய்வது வீரமல்ல. 60 வாட் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் அந்தக் கண்டென்சரின் இரண்டு கால்களில் வையுங்கள், இறங்கிவிடும். பிறகு மீட்டரில் டி.சி. வோல்ட் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

8. பழைய குண்டு டிவியின் பிக்சர் டியூபிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த இரண்டையும் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றி, போர்டை மட்டும் வாங்கி வாருங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

9. மீட்டரின் சிவப்பு வயர் 10ஏ துளையில் இருக்கும்போது வோல்ட் பார்த்தால் நேரடி ஷார்ட்தான். வேலை முடிந்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டு ஆஃப் செய்யும் பழக்கம் இருந்தால் மீட்டர் பல வருஷம் உழைக்கும்.

10. கண்ணாடி ஃபியூஸைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். உள்கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் சின்னச் சுமைதான். கண்ணாடி கறுத்துப் போயிருந்தால் பின்னால் டயோடோ பவர் டிரான்சிஸ்டரோ முழு ஷார்ட், அதைப் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். வயர் சுற்றி ஒப்பேற்றுவது மட்டும் கூடவே கூடாது.

11. டயோடில் கோடு போட்ட முனையில் கறுப்பு, மறுமுனையில் சிவப்பு வைத்தால் டயோட் குறியில் வைத்த மீட்டர் சுமார் 500 முதல் 700 வரை காட்டும். மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் சந்தேகம்தான், ஆனால் ஒரு காலைக் கழற்றி மறுபடி பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

12. சீரிஸ் பல்பு (கரண்ட் போகும் வயரில் தொடராக மாட்டும் பல்பு) இல்லாமல் தெரியாத போர்டுக்குக் கரண்ட் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 60 வாட் குண்டு பல்பு ஒரு முறை மின்னி அடங்கினால் நல்ல சகுனம், பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். போர்டுதான் இதனால் பிழைக்கும், ஷாக் அடிக்காமல் இருக்காது; கையை எட்டவே வையுங்கள்.

13. எத்தனை வோல்ட் வெளியே வரும் என்று எழுதவில்லையா? குறைந்த வோல்ட் பக்கத்துக் கண்டென்சரைப் படியுங்கள். 10 வோல்ட் கண்டென்சர் என்றால் பெரும்பாலும் 5 வோல்ட், 16 என்றால் 12, 35 என்றால் 24-ஐ ஒட்டி இருக்கும்.

14. எல்.இ.டி. டிவியின் பவர் போர்டு இன்னும் சுலபம், கனெக்டர் பக்கத்திலேயே 12வி, ஜிஎன்டி, எஸ்டிபி, பிஎல்-ஆன் என்று அச்சிட்டிருப்பார்கள். சத்தம் வந்து படம் வராத டிவியில் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் மெயின் போர்டு நன்றாக இருக்கிறது, பின்விளக்கோ அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியோதான் போயிருக்கிறது.

15. செட்டாப் பாக்ஸ் அடாப்டர் மீட்டரில் 12 வோல்ட் காட்டுவதை வைத்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பை மாட்டுங்கள். 1 ஆம்பியர் அடாப்டர் இதைத் தாங்க வேண்டும். வோல்ட் 8, 9 என்று சரிந்தால் அது ஊருக்கு உபதேசம் செய்கிற அடாப்டர்!

16. ஸ்டெபிலைசர் போர்டின் ரிலேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே 12விடிசி என்று இருந்தால் அதன் காயில் கால்களுக்கு 12 வோல்ட் காட்டுங்கள், 'டிக்' என்றால் உயிர் இருக்கிறது.

17. எல்.இ.டி. பல்பில் கறுப்புப் புள்ளி விழுந்த சில்லு ஒன்றுதான் செத்தது, மற்றவை பெரும்பாலும் நலம். மீட்டரில் எரியவில்லையே என்று மற்றதையும் ஒதுக்க வேண்டாம். பல சில்லுகளுக்கு 9 அல்லது 18 வோல்ட் வேண்டும், மீட்டர் அவ்வளவு தராது.

18. இன்வெர்ட்டர் போர்டில் பல்லி புகுந்து பச்சை பூத்திருந்தால், பழைய டூத் பிரஷ்ஷில் எலக்ட்ரானிக்ஸ் கடை ஐபிஏ திரவம் தொட்டுத் தேயுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். ஐபிஏவும் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள்.

19. 2015-ல் ஃபாக்ஸ்கான் ஃபோன் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஸ்ரீசிட்டிக்கு ஷிஃப்ட் போகிறார்கள். போர்டு வேலை பார்க்கும் பிள்ளையிடம், மணிக்கட்டில் ஏன் வயர் பட்டை கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் கரண்ட் ஐ.சி.யைக் கொல்லும், வீட்டில் போர்டை ஓரம் பிடித்துத் தூக்கினாலே பாதி ஆபத்து குறையும்.

20. பாகம் கழற்றும்போது ஈயம் இளகவில்லையா? கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்கினால் பழையதும் சேர்ந்து இளகும். ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ரிலே ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள், பழைய கண்டென்சரைச் சேர்ப்பது வீண்.

21. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் நாளில், வேண்டிய பாகத்தின் நம்பரை வாயால் சொல்லாமல் செத்த பாகத்தையே கையில் எடுத்துப் போங்கள். நாலு வேலைக்கு வேண்டியதைச் சேர்த்து ஒரே பஸ் செலவில் முடியுங்கள்.

22. கடைசியில் மிஞ்சும் எலும்புக்கூட்டைத் தாமிரத்துக்காக எரிக்காதீர்கள், தங்கம் எடுக்கிறேன் என்று ஆசிட்டில் போடவும் வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள், பழைய சாமான்களின் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஒரு சாக்கில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குக் கொடுங்கள். லித்தியம் பேட்டரி இருந்தால் முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பையில் போடுங்கள்.