கொலுவின் முன் பாடும் குழந்தை

நவராத்திரி நாட்களில் திருவனந்தபுரத்தில் கரமனையிலோ வலியசாலையிலோ கோட்டையை அடுத்த அக்கிரகாரத் தெருக்களிலோ விளக்கு வைக்கும் வேளையில் நடந்து போகிறவருக்கு, வாசலுக்கு வாசல் சுண்டல் தாளிக்கும் மணத்தோடு ஒரு குழந்தையின் குரலும் எதிர்கொண்டு வரும். சென்ற வருஷம் கீதத்தோடு நின்றிருந்த சிறுமி, இவ்வருஷம் பட்டுப்பாவாடை கசங்காமல் ஜமக்காளத்தில் அமர்ந்து வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடி முடிக்கிறாள். குங்குமம் வாங்க வந்த மாமிகள் கைதட்டுகிறார்கள். அத்தனையையும் கைபேசியில் பதிந்துகொண்டே தகப்பனார், "இன்னும் சரியாகப் பாடமாகவில்லை, போன வாரந்தான் ஆரம்பித்தாள்" என்கிறார். அந்த அடக்கத்துக்குள் இருக்கும் பெருமை, தெருக்கோடி வரையில் கேட்கும்.

இந்தப் பெருமையைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை; பெற்றவர் மகிழாத குழந்தைக்கு வேறு யார் மகிழப்போகிறார்கள்? ஆயினும் சுண்டலுக்கும் தாம்பூலத்துக்கும் இடையே, அந்தக் குழந்தையைச் சுட்டிக்காட்டி வயோதிகர்கள் உதிர்க்கும் சில அபிப்பிராயங்கள் வேதவாக்கியம் போலத் தலைமுறை தலைமுறையாக நடமாடி வருகின்றன. பரிசீலனைக்கு உரியவை அவைதாம்.

முதலாவது, சங்கீதம் பிறவியிலேயே வந்தாலொழிய வராது என்பது. இந்த ஊரில் அதற்குச் சாட்சி தேட வேண்டிய சிரமமே இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரைச் சொன்னால் வழக்கு முடிந்தது. 1813-இல் பிறந்த அவர், தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரசுக்கு உரியவராகக் கருதப்பட்டமையால் கர்ப்பஸ்ரீமான் என்று வழங்கப்பட்டார்; 1846-இல், தமது 33-ஆவது வயதில் மறைவதற்குள் சுமார் 400 உருப்படிகளை இயற்றி வைத்தார். ராஜ்யம் அவருக்குக் கர்ப்பத்திலேயே வந்தது மெய்தான். ராகம் அவ்விதம் வரவில்லை. சமஸ்கிருத பண்டிதராகிய தகப்பனார் சங்கனாச்சேரி ராஜராஜ வர்மா கோயில் தம்புரான், கல்வியில் கண்ணுங்கருத்துமாக இருந்த சிற்றன்னை கௌரி பார்வதி பாய், ஆங்கிலமும் அதற்கு மேலும் கற்பித்த தஞ்சாவூர் சுப்பா ராவ், சங்கீதத்தில் கைபிடித்து நடத்திய கரமனை சுப்பிரமணிய பாகவதர், கரமனை பத்மநாப பாகவதர், பிற்காலத்தில் மேருசுவாமி, வடிவேலு ஆகிய இத்தனை பேர் சூழ்ந்திருந்த மாளிகையில் வளர்ந்த சங்கீதம் அது. பிறவி ஞானத்தின் மகிமையைக் கரமனைத் திண்ணையில் அமர்ந்தே பேசுகிறவர்களுக்கு, அதே கரமனையிலிருந்து அரண்மனைக்குப் போன அவ்விரு பாகவதர்களின் நினைவு வராதிருப்பது விசித்திரந்தான்.

மகாராஜாவின் பெயரோடு ஒட்டிய இன்னொரு பிழையும் உண்டு. மலையாள நாடு முழுவதும் தொட்டிலருகே ஒலிக்கும் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்ற தாலாட்டை அவரே இயற்றியதாக நினைக்கிறவர் பலர். இயற்றியவர் இரயிம்மன் தம்பி. தொட்டிலில் கிடந்தவர்தாம் சுவாதித் திருநாள். அந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும்: சந்திரனோ, தாமரையோ, தேனோ என்று கேள்விமேல் கேள்வியாக வியந்துகொண்டே போகிறாரேயன்றி, இந்தக் குழந்தை இன்னது செய்யும், இன்னாரை வெல்லும் என்று கவி ஓரிடத்திலும் கெட்டிக்காரத்தனத்தை எதிர்பார்த்துப் பாடவில்லை.

உள்ளூர்ச் சாட்சி போதாதவர்கள் மோட்ஸார்ட்டை அழைத்து வருவார்கள். சிசுப் பருவத்திலேயே தானாகப் பொங்கிய மேதை என்பது அவரைப் பற்றிய கதை. 1756-இல் அவர் பிறந்த அதே வருஷத்தில், தகப்பனார் லியோபோல்ட், பிடில் பயிற்சியைப் பற்றிப் பின்னர் ஐரோப்பா எங்கும் பெயர்பெற்ற ஒரு நூலை வெளியிட்டிருந்தார் என்பதும், மூத்த மகள் நானெர்லுக்காக அவர் எழுதிய பாடப்புத்தகத்திலிருந்தே தம்பி கற்கத் தொடங்கினான் என்பதும் அந்தக் கதையில் இடம் பெறுவதில்லை. லண்டனில் குழந்தைகளை மேடையேற்றியபோது வெளியான விளம்பரங்களில் மகனுடைய வயது ஒன்று குறைத்தே போடப்பட்டது. பெற்ற பெருமை பஞ்சாங்கத்தையும் திருத்தும் போலும். பையன் பதினொரு வயதில் எழுதியதாகக் கொண்டாடப்பட்ட முதற் பியானோ கான்செர்ட்டோக்கள், பிறருடைய உருப்படிகளை மாற்றி அமைத்தவை என்பது பிற்பாடு தெரியவந்தது. முழுவதும் அவருடைய முத்திரை விழுந்த கான்செர்ட்டோ என்று விமரிசகர் மெச்சுவது, 1777-இல், இருபத்தொரு வயதில் வந்தது.

மோட்ஸார்ட்டைக் கேட்டாலே குழந்தைக்குப் புத்தி கூர்மையடையும் என்று தொட்டிலருகே இசைத்தட்டை ஓடவிடும் வழக்கமும் இருக்கிறது. 1993-இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை அதற்கு மூலம். பத்து நிமிஷம் கேட்டபின், உருவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் கணக்குகளில் அவர்கள் சற்று முன்னேறினர். அந்த முன்னேற்றம் கால்மணி நேரத்தில் கரைந்தும் போயிற்று. சிசுக்களை யாரும் சோதிக்கவில்லை.

சுருதியைக் கேட்டவுடனே இன்ன கட்டை என்று சொல்லிவிடும் குழந்தையைக் கண்டு பிரமிப்பதும் உண்டு. அபூர்வ சக்திதான், ஆனால் நம் சங்கீதத்துக்கு அது மூலதனம் அன்று. இங்கே ஷட்ஜம் நிலையான இடமுள்ளதன்று. பாடுகிறவரின் சாரீரம் எங்கே நிற்கிறதோ அதுவே ஷட்ஜம். தம்புராவோடு இழைகிற காது ஒன்றே வேண்டுவது, அது உட்கார்ந்து உட்கார்ந்து வருவது.

பிள்ளையைப் பெற்றவர்களை அதிகம் கலங்க வைப்பது மகரக்கட்டு. பத்து வயதில் மணி போலப் பாடிய பையன் பதினான்கில் கரகரக்கத் தொடங்கியதும், ஞானம் போயிற்று என்று வாத்தியாரை நிறுத்திவிட்ட வீடுகளை நான் அறிவேன். அவர்களிடம் நான் செம்மங்குடி சீனிவாச ஐயரைப் பற்றிச் சொல்வது வழக்கம். இளமையில் அவருடைய தொண்டை பாட்டுக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னவர் இருந்தனர். விடியற்காலையில் எழுந்து அகாரசாதகம் செய்தே அவர் அந்தத் தொண்டையைத் தமக்கு வசமாக்கிக்கொண்டார். 1947-இல், 39 வயதில், அதுவரை அவ்வளவு இளவயதில் ஒருவரும் பெறாத சங்கீத கலாநிதி விருதைப் பெற்றதும், சுவாதித் திருநாளின் உருப்படிகளைச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்ததும், 1963 வரையில் இவ்வூர் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரிக்குத் தலைவராக இருந்ததும் அந்த ஆகாத தொண்டைக்காரர்தாம்.

பிறந்த குரலே போதும் என்ற எண்ணத்துக்கு மறுப்பாக, இவ்வூரிலேயே 1963-இல் பிறந்த பாடகி சித்ராவைச் சொல்லலாம். தகப்பனார் கிருஷ்ணன் நாயர்தான் முதற்குரு. பின்பு ஓமனக்குட்டியிடம் கர்நாடக சங்கீதம் முறையாகச் சிக்ஷை. தேன் போல் இயல்பாக வழிவதாக நாம் நினைக்கும் அந்தக் குரலுக்குப் பின்னால் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் இருக்கின்றன.

இறுதியாக ஒன்று, பெண்குழந்தையின் பாட்டு கல்யாணம் ஆகும் வரையில் என்ற நம்பிக்கை. இன்று யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நடத்தையில் மட்டும் வைத்திருக்கிறார்கள். தம்பியோடு ஐரோப்பாவின் சபைகளில் கைதட்டல் வாங்கிய நானெர்ல், பருவம் எய்தியதும் வீட்டில் நிறுத்தப்பட்டாள். இங்கே பாறசாலையில் 1924-இல் பிறந்த பொன்னம்மாள், 1939-இல் தொடங்கிய சங்கீதக் கல்லூரியின் முதல் மாணவியாகச் சேர்ந்து, பின் அங்கேயே முதல் ஆசிரியையாகி, திருப்பூணித்துறையின் சங்கீதக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஆனாலும், கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், ஒவ்வொரு நாளுக்கும் மகாராஜாவின் ஒரு கீர்த்தனை என்று விதித்த அந்தக் கச்சேரியில் பெண் குரல் ஒலிக்க வழியில்லாதிருந்தது. அந்த வழக்கம் 2006-இல் விலகிற்று. அப்போது அங்கே பாடிய பொன்னம்மாளுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அந்த மண்டபத்தில் பாடுவது சரஸ்வதிக்குச் செய்யும் அர்ப்பணம் ஆகையால், அங்கே யாரும் கைதட்டுவதில்லை.