பாலத்தில் பிறந்த எண்கள்

அயர்லாந்து நாட்டில், 1843ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், வில்லியம் ரோவன் ஹாமில்டன் என்னும் கணிதப் பேரறிஞர் தம் மனைவியாருடன் ராயல் கால்வாய்க் கரைவழியே டப்ளின் நகரை நோக்கி நடந்து சென்றார். கால்கள் நடந்தன, உள்ளமோ பல ஆண்டுகளாக அவரை வருத்திய வினா ஒன்றில் ஆழ்ந்திருந்தது.

இரு கூறுகளை உடைய கலப்பெண்கள் சமதளப் புள்ளிகளைக் குறிக்கும். அவற்றைக் கூட்டலாம், பெருக்கலாம். அவ்வாறே நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றற்கும் ஏற்ப, மூன்று கூறுகளை உடைய எண்களை அமைத்தல் இயலாதா? இதுவே அவ்வினா. அத்தகைய எண்களைக் கூட்டவும் கழிக்கவும் முடிந்தது, பெருக்க முடியவில்லை. அந்நாள்களில் காலை உணவின்போது, பெருக்க வழி கிடைத்ததோ என மைந்தர் வினவுவர். தந்தையார் இல்லையென வருத்தத்துடன் தலையசைப்பார்.

புரூம் பாலத்தை அணுகியபோது விடை மின்னலெனத் தோன்றியது. மூன்று கூறுகள் போதா, நான்கு வேண்டும். அதனோடு வழிவழி வந்த விதியொன்றையும் துறத்தல் வேண்டும். உடனே அவர் கத்தியை எடுத்து, பாலத்தின் கல்லில் தாம் கண்ட சூத்திரத்தைப் பொறித்தார். இவ்வாறு பிறந்தனவே குவாட்டர்னியன் எனப்படும் நாற்கூற்றெண்கள்.

அவர் துறந்த விதி யாது? மூன்றை நான்கால் பெருக்கினும், நான்கை மூன்றால் பெருக்கினும் விடை பன்னிரண்டே. இது பரிமாற்று விதி. நாற்கூற்றெண்களில் இவ்விதி செல்லாது. வரிசை மாறின் விடையும் மாறும். இது விந்தையன்று. மேசைமேல் கிடக்கும் புத்தகத்தை வலமாகக் கால் சுற்றுத் திருப்பி, பின்னர் முன்னோக்கிச் சாய்த்து நிறுத்துக. மீண்டும் பழையபடி வைத்து, முதலில் சாய்த்துப் பின்னர்த் திருப்புக. இருமுறையும் நிலை வேறாதலைக் காணலாம். சுழற்சியின் இவ்வியல்பு பொருந்தியிருத்தலால், விண்கலம் நிற்கும் நிலையைக் கணிக்க இவ்வெண்கள் இன்று பயன்படுகின்றன.

விதியைத் துறந்தவர்க்குப் புதிய பொறுப்பும் உண்டு. கடினமான சார்புகளை எளிய பல்லுறுப்புக் கோவைகளால் தோராயமாகக் கணிப்பது கணித மரபு. சான்றாக, 0.5 ரேடியன் கோணத்தின் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.4794. அந்த 0.5இலிருந்து அதன் மூன்றாம் அடுக்கின் ஆறில் ஒரு பங்கைக் கழித்தாலே ஏறத்தாழ 0.4792 கிடைத்துவிடும். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக அமைந்த எந்தச் சார்பையும் பல்லுறுப்புக் கோவைகளால் வேண்டிய அளவு நெருங்கலாம் என்பதை, ஜெர்மானிய அறிஞர் வையர்ஸ்ட்ராஸ் 1885இல் நிறுவினார்.

நாற்கூற்றெண்களிலோ, கோவையை எழுதத் தொடங்கும்போதே ஐயம் எழும். கெழுவை மாறியின் இடப்புறம் வைப்பதா, வலப்புறம் வைப்பதா? இடம் மாறின் மதிப்பும் மாறுமன்றோ! ஆதலின், கெழுக்களை எல்லாம் ஒரு புறத்தே நிறுத்தி, அவ்வொழுங்கு வழுவாமல் அறிஞர் தோராயத் தேற்றங்களை நிறுவியுள்ளனர்.

ஹாமில்டன் பொறித்த எழுத்துகள் காலத்தால் அழிந்தன. 1958இல் அப்பாலத்தில் பதிக்கப்பெற்ற நினைவுக் கல் அச்சூத்திரத்தை அறிவிக்கின்றது. பழைய விதியைத் துறக்கத் துணிவு வேண்டும். துறந்தபின் புதிய ஒழுங்கைக் காக்கப் பொறுமை வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்திலேயே அறிவு வளர்கின்றது.